ஹோல்டன் கேட்டு வாங்கிய பாட்டு

"மைக்கை நான் பிடிச்சுக்கிறேன், சிஸ்டர் வெர்லீன். உங்க வலியை வெள்ளைக்காரன் நான் பாடினாத்தான் டிவிக்காரன் திரும்பிப் பார்ப்பான்" என்றான் ஹோல்டன், கிதாரை மாட்டிக்கொண்டே.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பர்களின் தெருவை இடித்துவிட்டு நெடுஞ்சாலை போடுவதை எதிர்த்து, பூங்காவில் கூட்டம். வெர்லீன் அந்தத் தெருக்காரி. சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவள்.

"தெரு எங்களது, பாட்டும் எங்களது. பாடறது மட்டும் நீயா?"

"கோவிச்சுக்காதீங்க. கேட்டதும் உங்க ஜனங்க மொத்தமும் எழுந்துக்கிற மாதிரி, உங்க சர்ச் பாட்டு ஒண்ணு சொல்லிக் கொடுங்க, போதும்."

வெர்லீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள்.

மேடையில் ஹோல்டன் கண்ணை மூடிக்கொண்டு உருகினான். முதல் வரியிலேயே நாற்காலிகள் நகரும் சத்தம். கைதட்டலோடு நூறு குரல்கள் சேர்ந்துகொண்டன. அவனுக்குப் புல்லரித்தது.

குரல்கள் தேய்வதுபோல் இருக்கவே கண்ணைத் திறந்தான். எதிரே காலி நாற்காலிகள். வெர்லீன் முன்னால் நடக்க, ஜனம் பாடிக்கொண்டே பூங்காவைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. டிவிக்காரர்களும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

ஹோல்டன் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தான். "எங்க போறீங்க? சரியாத்தானே பாடினேன்!"

"ரொம்பச் சரியா பாடினே, தம்பி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஜனங்களை வீட்டுக்கு அனுப்ப நாங்க பாடற பாட்டு அது. வீட்டுக்குத்தான் போறோம், வழியை விடு. புல்டோசர் என்ன, உன் மேடைக்கா வரப்போகுது?"