பக்கத்து வீட்டு சிக்னல்

சேஷாத்ரி வங்கியில் விஜிலன்ஸ் அதிகாரி. எந்தக் கிளையில் யார் கை வைத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்று கொல்கத்தா முழுக்கப் பெயர். அப்பேர்ப்பட்ட மகானுபாவர் பக்கத்து வீட்டு இன்டர்நெட்டைத் திருட முடிவு செய்தார் என்றால், பாவம், வேறு வழியில்லாமல்தான்.

2008-இல் எட்டு மாதம் அவர் பிராட்பேண்ட் பிளான்களை அலசினார். ஒன்றில் வேகம் இல்லை. இன்னொன்றில் வேகம் உண்டு, ஆனால் மாதக் கோட்டாவைத் தாண்டினால் தோலை உரித்துவிடுவான். மற்றொன்றில் எல்லாமே சரி, காசு கேட்கிறார்கள்.

"நியூ ஜெர்சியில ரெண்டு குழந்தைகள் எங்கிட்ட பாட்டு கத்துக்கக் காத்துண்டிருக்கா. ஏதாவது ஒண்ணைப் போடுங்கோளேன்" என்றாள் மனைவி வசந்தி.

"பூஜைக்கு ஆஃபர் வரும். பொறு."

துர்கா பூஜை வந்தது, போயிற்று. "புது வருஷத்துல விலை இன்னும் இறங்கும்" என்றார். அதற்குப் பிறகு வசந்தி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருவழியாக இவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று சேஷாத்ரி சந்தோஷப்பட்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு வைஃபை பெயர் தெரிந்தது: டுல்டுல்.

டுல்டுல், அடுத்த ஃபிளாட் தத்தா பாபுவின் பெண். இன்ஜினியரிங் படிக்கிறாள். ஆக, தத்தா வீட்டில் கனெக்‌ஷன் வாங்கிவிட்டார்கள்! பாஸ்வேர்டு மட்டும் தெரிந்தால் போதும். சேஷாத்ரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒரே ஒரு சிக்கல். தத்தா பாபு லால்பஜார் போலீஸில் ரிடையர் ஆனவர். குரல் மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை. மாட்டிக்கொண்டால் வரப்போகிற பிரமோஷன் கோவிந்தா. ஆனால் இலவசமாயிற்றே!

டாலிகஞ்சில் இத்தனை வருஷம் குடியிருந்ததில் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. வங்காளிகளுக்கு வெளியில் ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு செல்லப்பெயர். பாஸ்வேர்டும் அப்படி ஒரு செல்லப்பெயராகத்தான் இருக்கும் என்றது விஜிலன்ஸ் மூளை. ஒரு தட்டு முறுக்கோடு தத்தா வீட்டுக்குப் போனார்.

"உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், தத்தா பாபு?"

ஆறடி உயர தத்தா பாபு மீசையைத் தடவியபடி வெட்கப்பட்டார். "கோக்கன்." சின்னப் பயல் என்று அர்த்தமாம்.

மனைவி, மச்சான், மாமனார் என்று எல்லார் செல்லப்பெயரையும் சேஷாத்ரி கறந்துவிட்டார். கடைசியாகப் பூனையின் பெயரையும் கேட்டார். புச்கு. முறுக்குத் தட்டு சந்தேஷ் இனிப்போடு திரும்பி வந்ததில் அதுவும் லாபம்தான்.

கோக்கன் வேலை செய்யவில்லை. மாமனாரும் கைவிட்டார். புச்கு, அதன் வாலில் ஒன்று இரண்டு மூன்று என்று அடித்ததும் திறந்துகொண்டது.

சிக்னல் ஹாலில் நொண்டியது, படுக்கையறையில் படுத்தது, சமையலறையில் மட்டும் முழுசாக வந்தது. தத்தா வீட்டுச் சுவர் அந்தப் பக்கம்தானே! அதுவரை ஒரு டம்ளர் எடுக்கக்கூட சமையலறைக்குள் போகாதவர், தினமும் அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார். பழைய சினிமா, கிரிக்கெட், கச்சேரி என்று அகப்பட்டதையெல்லாம் இறக்கினார். கோட்டா தாண்டுமே என்கிறீர்களா? அது கோக்கனின் கவலை.

அவர் காலைத் தாண்டிக்கொண்டு போன வசந்தி, "ஏது நெட்?" என்றாள்.

"பேங்க் ஆபீஸர்களுக்கு ஸ்பெஷல் ஸ்கீம். கால் காசு கிடையாது."

"அப்படியா! உங்களுக்குன்னு எப்படித்தான் அமையறதோ" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிளறப் போனாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வாசற்கதவு இடிபட்டது. திறந்தால் தத்தா பாபு! பக்கத்தில் தோளில் பையோடு இன்டர்நெட் கம்பெனி ஆள்.

"சேஷாத்ரி பாபு, இந்த மாடியில் ஒரு திருடன் இருக்கிறான்!" தத்தா பாபுவின் ஹிந்தி மாடிப்படியெல்லாம் அதிர்ந்தது. "அடுத்தவர் நெட்டில் புகுந்து கன்னாபின்னாவென்று டவுன்லோடு பண்ணியிருக்கிறான். பில் எகிறிவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்காமல் விடமாட்டேன்!"

சேஷாத்ரியின் பிரமோஷன் கண்முன் பறந்து போயிற்று. சட்டென்று தத்தா பாபுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் தத்தா பாபு! புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன். பேங்குக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் பில்லை நானே கட்டிவிடுகிறேன். புச்கு மேல் சத்தியம்!"

தத்தா பாபு திருதிருவென்று முழித்தார். "என் பில்லா? எங்கள் வீட்டில் நெட்டே கிடையாதே! புகார் கொடுத்தது பௌதி. பழைய போலீஸ்காரன் ஆயிற்றே என்று துணைக்கு வந்தேன்."

பௌதி என்றால் அண்ணி. அவர் அப்படிக் கூப்பிடுவது வசந்தியைத்தான்.

வசந்தி சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறினாள். அரிசி டிரம்முக்கு நேர் மேலே, பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பச்சை விளக்கு மினுக்கும் மோடம் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"என் பாட்டு கிளாஸுக்கு எடுத்தது. விடியக்காலம் நீங்க தூங்கறச்சே, அவா ஆத்துல உக்காந்து டுல்டுல் லேப்டாப்ல கிளாஸ் எடுக்கறேன். அவதான் செட் பண்ணி, அவ பேரையும் பூனை பேரையும் வெச்சா."

"என்னைக் கேக்காம யாரு உனக்குக் கனெக்‌ஷன் குடுத்தா?" என்றார் சேஷாத்ரி, ஈனஸ்வரத்தில்.

"பேங்க் ஆபீஸர்களுக்கு நிஜமாவே ஒரு ஸ்பெஷல் ஸ்கீம் இருக்கு, அதான் உங்க பேர்லயே எடுத்தேன், பில்லும் உங்க சம்பளத்துலேர்ந்தே போயிடும், கையெழுத்து மட்டும் நான் போட்டேன், வேணும்னா விஜிலன்ஸுக்கு எழுதிப் போடுங்கோ!"