முங்கி எழுந்தால் ஒரு மணி

"அவளுக்கு அடிக்காதேன்னா அடிக்காதே!" என்று போதகர் நாற்காலி கோபுர மணியைப் பார்த்துக் கத்தியது. போதகர் உட்காருகிற நாற்காலி என்பதால் அதற்கு எல்லாரையும் அதட்டிப் பழக்கம்.

மணிக்கு எரிச்சலாக வந்தது. எதிரே குளத்தில் ஒரு பெண் ஞானஸ்நானத்துக்காக இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். முங்கி எழுகிறவருக்கு ஒரு மணி அடிப்பது இந்தச் சபை தொடங்கிய நாள் முதல் வழக்கம். ஆனால் அவள் பிரிந்துபோன கூட்டத்துப் பெண். ஞானஸ்நானத்துக்கென்று கோயிலுக்குள் சிமெண்டுத் தொட்டி கட்டியபோது, "எங்களுக்குக் குளமே போதும்" என்று பாதிப் பேர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவங்க நம்ம சபையே இல்ல. நம்ம வரலாறு இந்தக் கட்டடத்தோடதான் ஆரம்பிக்குது" என்றது நாற்காலி.

"சும்மா அளக்காதீங்க அண்ணாச்சி. கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே நான் குளக்கரைப் பூவரச மரத்துல தொங்கிக்கிட்டிருந்தேன். முதல் ஆள் முங்கி எழுந்தப்ப அடிச்சதே நான்தான்."

"அதுக்கு யாரு சாட்சி? அந்த மரம் இப்ப எங்க?"

"அதை வெட்டித்தானே உங்களைச் செஞ்சாங்க!"

நாற்காலியின் ஒரு கால் கிறீச்சிட்டது. பிறகு, "எதுவா இருந்தாலும் சரி, நீ வாயை மூடிக்கிட்டு இரு" என்றது.

குளத்தில் அந்தப் பெண் முங்கினாள். தலையிலிருந்து தண்ணீர் வழிய எழுந்தாள்.

மணி வாயை மூடவில்லை.