முற்றல் வெண்டைக்காய்

உறையூர் காய்கறிக் கடையில் லக்ஷ்மணன் முற்றிய வெண்டைக்காயாகப் பார்த்துப் பொறுக்கினார்.

"என்ன சார் இது? வீட்ல திட்ட மாட்டாங்க?" என்றாள் கடைக்காரி.

"திட்டணும்மா!"

வீட்டில் அவர் மனைவி பானு ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். வளைந்ததே தவிர ஒடியவில்லை.

"இத மாடுகூடத் திங்காது! கண்ண எங்க வச்சுட்டு வாங்குனீங்க?" சத்தம் தெருமுனை வரை கேட்டது.

லக்ஷ்மணனுக்கு உச்சி குளிர்ந்தது. மனச்சோர்வுக்கு எடுத்த கவுன்சலிங் முடிந்த அன்று பானுவே சொல்லியிருந்தாள்: "நான் சண்டை போடாம அமைதியா இருந்தா, அது திரும்ப வருதுன்னு அர்த்தம். சும்மா விட்றாதீங்க."

முந்தாநாளிலிருந்து வீடு அமைதியாகத்தான் இருந்தது.

"சிரிக்காதீங்க! அது திரும்ப வருதுன்னு எனக்கே புரிஞ்சு, காலைலயே கவுன்சலிங் டாக்டரம்மாகிட்ட போன்ல பேசிட்டேன். இந்த வெண்டைக்காய நீங்களே ஒண்ணு விடாம சாப்பிடுங்க!"