ஐம்பத்தாறு மாடல்

மணலிலிருந்து தோண்டியெடுத்த அந்தக் காருக்கு எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, சீட்டுகூட இல்லை. சவூதியில், அல் கோபார் ஒர்க்‌ஷாப்பில் நான்கு கற்களின்மேல் உட்கார்ந்திருந்தது. எந்த மாடல், எந்த வருஷம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றிருந்தார் அதைக் கொண்டுவந்த சாலிம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஐம்பத்தாறு மாடல் காரில் கிளம்பிப் போன தகப்பனார் திரும்பவே இல்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த வீட்டில் தாயார் நாற்பத்தேழு வருஷமாக வாசலைப் பார்த்திருந்தார்.

மெக்கானிக் பன்னீர்செல்வம் கண்ணாடி மூலையிலிருந்த தேதி முத்திரையைத் துடைத்துப் படித்தார். ஐம்பத்தாறேதான். வழக்கம்போல மீட்டரையும் குறித்துக்கொண்டார்: 61,204 மைல். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று ரூமுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஜனவரிப் பனியில் எல்லா வண்டிகளும் நனைந்து நின்றன. இது மட்டும் காய்ந்திருந்தது. பானெட்டின்மேல் பூனை ஒன்று சுருண்டு தூங்கியது.

"அண்ணே, இங்க கைய வச்சுப் பாருங்க," என்றான் பெயிண்டர் ஜெயசீலன். "எஞ்சினே இல்லாத வண்டி எப்படிண்ணே சுடும்?"

பன்னீர்செல்வம் மீட்டரைப் பார்த்தார். 61,216. சாலிமுக்குப் போன் போட்டார். சாலிம் மாடலைப் பற்றிக் கேட்கவில்லை.

"பாய், அம்மாவைக் காணோம். விடிந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது."

போக ஆறு மைல், வர ஆறு மைல். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பன்னீர்செல்வம் குனிந்து வண்டிக்குள் பார்த்தார். டிரைவர் இடத்துக்குப் பக்கத்தில், சீட்டில்லாத வெறுந்தகரத்தில், பெண்கள் செருப்பு ஒரு ஜோடி ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.