தட்டைக் கவ்வும் நாய்

மூன்றாவது முறை அழித்தபோது தாள் கிழிந்துவிட்டது.

கேள்விக்காரி ரப்பரைக் கீழே வைத்தாள். அந்த நாய்க் காப்பகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். நாய் வேண்டும் என்று வருகிறவர்களிடம் இருபத்தொரு கேள்விகள் கேட்டு, அவர்கள் வாழ்கிற வாழ்க்கைக்கு எந்த இனம் ஒத்துப்போகும் என்று சுவரில் உள்ள அட்டவணையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்விகளை எழுதியதும் அவள்தான். பதில்களை முதலில் பென்சிலில் குறித்துக்கொள்வாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே பேனாவை எடுப்பாள்.

"நீ கேக்கிற கேள்விக்கு எனக்கே நாய் கிடைக்காதும்மா" என்பார் காப்பகத்து டாக்டர்.

இன்று ஒன்பதாவது கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

மேசைக்கு எதிரே ஒரு சிறுமியின் அப்பாவும் அம்மாவும். நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. எட்டு வயதிருக்கும் அந்தச் சிறுமி அதில் உட்காராமல், வாசலோரப் பெஞ்சில், மடியில் புடைத்த பை ஒன்றை வைத்துக்கொண்டு கூண்டுகளைப் பார்த்தபடி இருந்தாள்.

வீட்டில் ஆட்கள் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்றுதான் கேள்விக்காரி முதலில் கேட்டிருந்தாள்.

"நாள் முழுக்க. நான் வீட்லயேதான் தைக்கிறேன்" என்றாள் அம்மா.

"காலையில எட்டு மணிக்குப் பூட்டினா, ஆறு மணிக்குத்தான் திறக்கிறது" என்றார் அப்பா.

குரைத்தால் பக்கத்தில் யாருக்காவது தொந்தரவா என்று கேட்டாள். அம்மாவுக்கு அக்கம்பக்கமே கிடையாது. அப்பாவுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை இருந்தது.

நாய் ஓடியாட இடம் உண்டா என்று கேட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது.

"பின்னால தோட்டம் இருக்கு, சுத்தி மதில். லாப்ரடாரே ஓடலாம்."

"மூணாவது மாடிங்க. பால்கனியில துணி காயப்போட்டா நான் நிக்க இடமில்ல. சின்னதா ஒரு பொமரேனியன் பாருங்க."

ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. பரீட்சை எழுதுகிறவர்கள்போல் இருவரும் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் பேசி வச்சு ஒரே பதிலாச் சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டதுக்குத்தானேம்மா சொல்றோம்" என்றார் அப்பா. அம்மா தலையாட்டினாள். அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

கேள்விக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய்க்குட்டியைக் கண்டதும் எல்லோரும் வாய்கூசாமல் அளக்கிறார்கள். போன மாதம் ஒருவர் தோட்டம் என்று அடித்துச் சொன்னது கடைசியில் இரண்டு பூந்தொட்டி. சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பி வருவது நாய்.

ஏழாவது கூண்டில் இருந்த பழுப்பு நாய் அப்படித்தான் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. எந்த இனம் என்று டாக்டருக்கே தெரியாது. முதல் முறை திரும்பி வந்தபோதுதான் அவள் உட்கார்ந்து இந்தக் கேள்விகளை எழுதினாள். அத்தனையும் கேட்டுக் கொடுத்த பிறகும் அது திரும்பி வந்தது. எந்தக் கேள்வியைத் தப்பாகக் கேட்டோம், எதைக் கேட்காமல் விட்டோம் என்று அன்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறாள்.

இரண்டு குடும்பமும் ஒரே காரணத்தைத்தான் எழுதிக் கொடுத்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், நாய் தன் தட்டைக் கவ்விக்கொண்டு கதவருகே போய் நின்றுவிடுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

இன்னொரு நாய் அப்படித் திரும்பி வர அவள் விடமாட்டாள்.

பேனாவை எடுத்தாள். 'பதில்கள் முன்னுக்குப் பின் முரண். நாய் தர' என்பதுவரை எழுதியிருப்பாள்.

வெளியே ஒரு ஹாரன் அடித்தது. அப்பா நிறுத்தி வைத்திருந்த டாக்ஸி.

ஏழாவது கூண்டில் தட்டு தரையில் உரசியது. பழுப்பு நாய் அதைக் கவ்விக்கொண்டு கம்பிக் கதவருகே வந்து நின்றது.

பெஞ்சிலிருந்த சிறுமியும் எழுந்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலாலேயே செருப்பைத் தேடி மாட்டி, வாசற்கதவை ஒட்டிப் போய் நின்றாள்.

"இந்த வாரம் யாரு வீடும்மா?"



"அப்பா வீடு" என்றாள் அம்மா, படிவத்தைப் பார்த்தபடியே.

"இன்னும் முடியலடா. போய் உக்காரு" என்றார் அப்பா.

அவள் உட்காரவில்லை. நாயும் நகரவில்லை.

கேள்விக்காரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து மேலிருந்து கீழே படித்தாள். வீடு, வீடு, வீடு என்று பதினொரு இடத்தில் எழுதியிருந்தாள். எத்தனை வீடு என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. முகவரிக்கு ஒரே ஒரு கோடு. தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கிழிந்த தாளைக் கசக்கிப் போட்டாள். இழுப்பறையிலிருந்து இரண்டு புதிய படிவங்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பென்சிலைத் தேடவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல், இனம் என்ற இடத்தில், இரண்டு தாளிலும் பேனாவாலேயே எழுதினாள்.

ஏழாவது கூண்டு.