புல்வெளிக் கல்யாணம்

"கல்யாணப் பொண்ணு எங்க போனாங்க? எல்லாரும் வந்து உக்காந்து அரை மணி நேரமாச்சு" என்று பதறினார் லவீனியா.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருநூற்று முப்பது வருஷம் பழைமையான பெல்காட் மாளிகைக்கு அவர்தான் காப்பாளர். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவதும் அவர் பொறுப்பு.

"மாப்பிள்ளையையும் காணோம்" என்றார் விருந்தாளி ஒருவர், நிதானமாக டோனட்டைக் கடித்தபடி.

கொல்லைப்பக்கம் ஓடிய லவீனியா மேப்பிள் மரத்தடியில் திகைத்து நின்றார். வெள்ளை கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டிருந்தாள் மணமகள் வின்னி. வயது அறுபத்தொன்று. கோட்டில் ரோஜா செருகிய மாப்பிள்ளை ஆரின், மெட்டல் டிடெக்டரைப் புல்மேல் மெல்ல வீசிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"உஷ், இப்பத்தான் பீப்னு கத்துச்சு" என்றாள் வின்னி.

"இங்க தோண்டக் கூடாதும்மா. மாசம் நாலு பேராவது இதைத் தூக்கிக்கிட்டுப் பழங்காசு தேட வராங்க. ஒருத்தரையும் நான் கேட்டுக்குள்ள விட்டதில்ல."

ஆரின் பவ்யமாக வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். "ஆறாவது பத்தி, மேடம். 'வாடகைக்கு எடுப்பவர் புல்வெளியில் குழி தோண்டினால், அன்றே மூடிவிட வேண்டும்.' மூடிடறோம்."

"அது கூடாரத்துக்கு முளை அடிக்கிறதுக்கு."

"முளைன்னு போடலையே."

லவீனியா அந்த வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். எழுதியதே அவர்தான்.

"கிடைக்கிறதை எல்லாம் மாளிகைக்கே குடுத்துடறோம். தோண்டி எடுக்கிற அந்த ஒரு நிமிஷம் போதும் எங்களுக்கு" என்ற வின்னி, மண்ணுக்குள் விரலை விட்டாள். அப்படியே அசையாமல் இருந்தாள். "ஆரின், வட்டமா இருக்கு."

பெரிய செம்புக் காசு. எச்சில் தொட்டுத் துடைத்ததும், கூந்தலில் நாடா கட்டிய பெண் முகம் தெரிந்தது. அதன் கீழே 1798.

வின்னி சிரித்தாள். ஆரின் சிரித்தார். கண்டிக்க வாயெடுத்த லவீனியாவுக்கும் ஏனோ சிரிப்புதான் வந்தது.

"அதை இப்படிக் குடுங்க. நானும் ஒரு தடவை பாக்கறேன்" என்று டிடெக்டரை வாங்கினார். மூன்றாவது வீச்சில் அவருக்கு ஒரு வெள்ளிப் பொத்தான் கிடைத்தது. காலணிகளைக் கழற்றி எறிந்தார்.

அதற்குள் விருந்தாளிகள் பதினோரு பேரும், தத்தம் கார்களிலிருந்து ஆளுக்கொரு டிடெக்டரோடு வந்துவிட்டார்கள். புல்வெளியெங்கும் பீப் பீப். இடையில் யாரோ நினைவூட்ட, நண்பர் ஒருவர் நாலே நிமிஷத்தில் கல்யாணத்தை நடத்தி வைத்தார். மண் ஒட்டிய விரல்களில் மோதிரம் ஏறியபோது லவீனியா அழுதே விட்டார்.

மாலையில் குழிகளை எல்லாம் மூடி, பதினான்கு காசுகளை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"வாழ்க்கை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு ஜோடி அமையாது. இந்த வயசுலயாவது ஒருத்தருக்கொருத்தர் கிடைச்சீங்களே. நல்லா இருங்க" என்று வின்னியைக் கட்டிக்கொண்டார் லவீனியா.

கார் தெருமுனை திரும்பியது.

"அடுத்தது ஹார்லோ மாளிகை. அங்கயும் கல்யாணத்துக்கு மட்டும்தான் உள்ள விடறாங்களாம்" என்றாள் வின்னி.

"சரி, அடுத்த மாசம் நம்ம முப்பத்தஞ்சாவது கல்யாண நாள் வருதில்ல, அன்னிக்கே இன்னொரு தடவை கட்டிக்கலாம்" என்றார் ஆரின்.