எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒரு கூடு

வெல்டிங் பட்டறையின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குள் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து வெல்டர் அமலதாஸ் ஃபேன் சுவிட்சைத் தொடவே இல்லை.

"எவ்வளவு நல்ல மனுஷன்!" என்று குருவி பூரித்துப்போனது.

"நல்லவன்தான்டி. ஆனா பத்தவைக்கிற புகையெல்லாம் மேலே உன் வீட்டுக்குத்தானே வரும்?" என்றது சுவரிலிருந்த பல்லி.

"உனக்கு வயித்தெரிச்சல், அக்கா."

மூன்றாம் நாள் கடைக்குட்டி வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் திணறியது. பதறிய குருவி கீழே பறந்து, வெல்டிங் மெஷின் மேல் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியது.

அமலதாஸ் முகக்கவசத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"பூனையைக் கண்டு பயந்துட்டியா, தாயி? இரு," என்றவன் இருமிக்கொண்டே போய், காற்று வர இருந்த ஒரே வழியான வாசல் ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டான்.